ஜீவஒளியாரின் ஈரல் ஸ்கேன்

மாத்தளைப் பக்கம், பல்லேபொல ஊருக்குப் போகிற பஸ்ஸில் அந்த வாரம் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் இறங்குகிற இடம் ஒன்று, ஊர் மண்டபம். எல்லோருக்கும் கவலை ஒரே உறுப்பில்: கல்லீரல். ஊசி இல்லை, இரத்தம் இல்லை, வலி இல்லை. யாருடைய கண் பட்டு ஈரல் இறுகியது என்று பெயரோடு சொல்கிற 'ஜீவஒளி ஸ்கேன்' வந்திருக்கிறதாம்! வட்ஸ்அப்பில் போட்டிருந்ததாம். வட்ஸ்அப்பிலேயே போட்ட பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது?

ஸ்கேன் பார்ப்பவர் ஜீவஒளியார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டொக்டர் குழாய், கையில் மைக். ஆளைப் பார்த்துத்தான் வியாதி. தமிழருக்குச் செய்வினை, முஸ்லிம்களுக்குக் கண்ணூறு, சிங்களவருக்கு அதே கண்ணூறு சிங்களத்தில், 'எஸ்வஹ'. இந்த நாட்டில் மும்மொழிக் கொள்கையை இவ்வளவு ஒழுங்காக நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

உள்ளே போகுமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, கடைசியாக ஒரு கேள்வி: 'சொந்தத்தில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை?' ஜனங்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நிமிடம் கழித்து அதே பெயரை ஜீவஒளியார் மைக்கில் சொன்னதும், "அட, எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ!" என்று வாயைப் பிளந்தார்கள். எழுதிக் கொடுத்த மை காய்ந்திருக்காது ஐயா!

மாத்தளையில் மிளகு வாங்கி விற்கிற ரிஸ்வியும் போனார். அவருக்கு ஈரலில் கொழுப்பு இருப்பது ஏற்கெனவே தெரியும். ஈரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற நிஜமான ஸ்கேனுக்கு, நாலு மாதம் காத்திருந்து, கண்டி ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைக்குத் திகதி கிடைத்திருந்தது. ஜீவஒளியாரோ, "நாற்பது வீதம் கல்லு! உங்க அண்ணன் யாகூப் கண்ணு!" என்று சொல்லி இடுப்பில் ஒரு செப்புப் பட்டியைக் கட்டிவிட்டார். ஆஸ்பத்திரி மிஷின் பட்டால் பட்டியில் போட்ட மந்திரக் கட்டு அவிழ்ந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார். ரிஸ்வி திகதிச் சீட்டை அலுமாரியில் போட்டுப் பூட்டினார்.

"கண்டிக்குப் போகலியா?" என்றாள் மனைவி ஹமீமா.

"போனா கட்டு அவுந்துடும்னு ஐயா சொன்னாரே."

"உங்க வாப்பா எப்படி மௌத்தானாங்க? ஈரல் கல்லாகி, வயிறு ஊதி, கடைசியில யாரையும் அடையாளம் தெரியாம. நானும் மூணு புள்ளைகளும் உங்களையும் அப்படிப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?" அவள் அழுதுவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நானும் ஒருக்கா அந்த ஸ்கேன் எடுக்கிறேன். நீங்களும் வாங்க."

பெண்களை அந்நிய ஆண் தொடலாமா? அதற்காக ஒரு திரை கட்டியிருந்தார்கள். ஜீவஒளியார் இந்தப் பக்கம். வயர் மட்டும் திரைக்கு அடியால் போகும். கருவியைப் பெண்கள் தாங்களே விலாவில் பிடித்துக்கொள்ள வேண்டும். மிக மரியாதையான ஏற்பாடு. ஹமீமாவுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது.

படிவத்தின் கடைசிக் கேள்விக்கு, 'மாப்பிள்ளையின் அக்கா' என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு ஒரு பெரிய சந்தைப் பையோடு திரைக்குள் போனாள்.

"மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா," என்று மைக் முழங்கியது. கருவி ட்ர்ர்ர் என்றது. "ஆ, நல்லாப் பிடிக்கிறீங்க! சாப்பாடு செமிக்கல. ராத்திரியில நித்திரை இல்ல. முதுகுல உளைச்சல். ஈரல் நாற்பது வீதம் கல்லு! உங்க மாப்பிள்ளையோட அக்கா இருக்காங்களே, அவங்க கண்ணுதான் உள்ள உக்காந்திருக்கு!"

கூட்டம் 'ச்சூ' கொட்டியது. ரிஸ்வி மட்டும் எழுந்து நின்றார்.

"நான்தானே மாப்பிள்ளை, எனக்கு ஏது அக்கா? நாங்க ரெண்டே ரெண்டு ஆம்பளப் புள்ளைங்கதானே!"

திரை சரேலென்று விலகியது. கதிரையில் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு பலாக்காய் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்று அதன் விலாவில் கருவியைப் பிடித்திருந்தாள் ஹமீமா.

"இவங்களுக்குத்தான் ராத்திரியில நித்திரை இல்லியாம்," என்றாள்.

முன்வரிசையிலிருந்த ராசம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "பாத்தீங்களா சக்திய! பலாக்காய்க்குப் பட்ட கண்ணக்கூட மிஷின் காட்டிக் குடுத்துருச்சு!"

நம்பிக்கை என்றால் இதுவல்லவா நம்பிக்கை!

"அப்ப பலாக்காய்க்கு மாப்பிள்ளை யாரு, ராசம்மாக்கா? கலியாணம் எப்ப நடந்திச்சு?" என்று கேட்டாள் ஹமீமா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், மண்டபமே குலுங்கியது. கும்பிட்ட கையைக் கீழே இறக்கிவிட்டு ராசம்மாவும் சிரித்துவிட்டாள்.

"பொம்பளைங்க பக்கம் அலைவரிசை குழம்பிருச்சு..." என்று இழுத்தார் ஜீவஒளியார்.

ரிஸ்வி நேரே அவர் முன்னால் போய் நின்றார். "ஐயா, எனக்கும் நாற்பது, பலாக்காய்க்கும் நாற்பதா?"

"அது... எல்லாருக்கும் பொதுவா வர்ற அளவு."

ரிஸ்வி கருவியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிளேடு கழற்றிய தாடி ட்ரிம்மர். அவர் நிமிர்ந்தபோது மேசையில் வெள்ளைக் கோட்டு மட்டும் கிடந்தது. வெளியே ஒரு திரீவீல் ஆட்டோ பறக்கிற சத்தம் கேட்டது. அன்று முழுவதும் அந்த இடத்தில் நடந்த ஒரே குணமாக்கல் அதுதான்.

வியாழக்கிழமை ரிஸ்வி வெறும் வயிற்றோடு கண்டிக்குப் போனார். மல்லாந்து படுக்கவைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். விலாவில் குளிர்ந்த பசை தடவி, ஒரு கருவியால் பத்துத் தடவை மெல்லத் தட்டினார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. யாரோடு பகை என்று யாரும் கேட்கவில்லை. தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்றுதான் கேட்டார்கள்.

"கொஞ்சம் இறுகத் தொடங்கியிருக்கு," என்றார் டொக்டர். "இப்பவே கவனிச்சா திருப்பிடலாம். இன்னும் நாலஞ்சு வருஷம் கழிச்சு வந்திருந்தா நான் வேற கதை சொல்லியிருப்பேன்."

வெளியே வந்ததும் ஹமீமா அழுதாள். இந்த முறை பயத்தில் அல்ல.

பல்லேபொலவில் இப்போது யாரைக் கேட்டாலும், "எனக்கு அப்பவே சந்தேகம்" என்கிறார்கள். வரிசையில் நின்றதெல்லாம் வேறு ஆட்கள் போலிருக்கிறது! அவர்களுக்கு டொக்டர் சொன்ன இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் அது திரும்ப வளர்ந்துவிடுமாம். செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிப் போட்ட மூளைக்கு அந்த வசதி கிடையாது. நீங்களே போய் எடுத்து மாட்டிக்கொண்டால்தான் உண்டு.