அடுத்த ஸ்டேஷன் பாஸ்டர்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ‘ரயில் தாமதமாகும்’ என்ற அறிவிப்பைக் கேட்டு முகம் மலர்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் அடுத்த ஸ்டேஷன் பாஸ்டர்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில், எனக்கு மேல் வீட்டில் குடியிருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஊர் ஊராகப் போய் ஜெபக்கூட்டம் நடத்துவதும் நோயாளிகளைப் பார்ப்பதும்தான் வேலை. அசல் பெயர் என்னவோ இருந்தது. தபால்காரருக்கு மட்டும் தெரியும். ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தால், இறங்க வேண்டிய இடத்தில் அவர் இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்க ரயில் ஏறித் திரும்பி வருவார். அந்த ரயிலிலும் யாராவது கிடைத்துவிட்டால் போச்சு, இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய்விடுவார்.

வீடுகளிலும் இதே கதைதான். ஒருமுறை ஸ்ரீ கெம்பாங்கானில் புதுவீட்டை ஆசீர்வதிக்கப் போனவர், கதவு திறந்திருந்த வீட்டுக்குள் நுழைந்து, கண்ணை மூடி, கூரை முதல் குழாய் வரை எல்லாவற்றுக்கும் ஜெபம் செய்திருக்கிறார். கண்ணைத் திறந்தால் எதிரே தொப்பியோடு வீட்டுக்காரர். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள். “ரொம்ப நல்லா இருந்துச்சு பாஸ்டர். ஆனா நீங்க தேடுற வீடு பின்னால லோரோங்ல, அடுத்த சந்துல. டீ குடிச்சிட்டுப் போங்க” என்றாராம்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் தன் கல்யாணத்தை நடத்தி வைக்க அழைத்திருந்தாள், என்னோடு வேலை பார்க்கும் எஸ்தர். கிள்ளானில் உள்ள சர்ச். ஒன்பது மணிக்குக் கல்யாணம். பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் இன்னொரு ஜோடி. பாஸ்டரைக் கொண்டு வந்து சேர்க்கும் பொறுப்பு என் தலையில். எஸ்தரின் அப்பா, லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், முதல் நாளே போன் செய்தார்.

“தம்பி, அவரு வரலைன்னா உன்னைத்தான் மேடையில ஏத்துவேன்.”

“அங்கிள், நான் திருநீறு பூசுறவன்.”

“எனக்குத் தெரியாது லா. ஏத்துவேன்.”

விடிந்ததும் காரை வரவழைக்கிறேன் என்றேன். பாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. “கார்ல போனா டிரைவரோட முதுகைத்தான் பார்க்கலாம் தம்பி. ரயில்ல மனுசங்க முகத்தைப் பார்க்கலாம்.”

ரயிலில் அவருக்கு வாய்த்த முகம், கழுத்து வரை பச்சை குத்திய ஓர் இளைஞன். அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பாஸ்டர் விரலால் தட்டினார்.

“எங்க தம்பி வேலை?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறானாம். பாஸ்டர் அசரவில்லை, “பாவம், நைட் ஷிப்ட் போல” என்று அவன் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பை போனதும் அவன் திடுக்கிட்டு விழித்தான். “என்ன அங்கிள், பேக்கைத் தூக்குறீங்க!” என்று போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இவர் யாரோ நான் யாரோ என்று உட்கார்ந்தேன். பாஸ்டர் மன்னிப்புக் கேட்டு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். ஷா ஆலம் வருவதற்குள் அந்த இளைஞன் முறுக்கைக் கடித்தபடி, தன் காதலி பேச மறுக்கிற விஷயத்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஊரே காணாமல் போனது. ரயில் முனகிவிட்டு நின்றது. தண்டவாளத்தில் மரம் விழுந்திருப்பதாகவும் தாமதமாகும் என்றும் அறிவித்தார்கள். பாஸ்டர் பெட்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பந்தியில் இலை போட்டதும் வருமே, அந்தப் பார்வை.

“பாஸ்டர், கல்யாணம்!” என்றேன்.

“கல்யாணம் எங்கயும் போகாது தம்பி. இவங்கதான் போயிடுவாங்க” என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

ஒருவழியாக ரயில் பாடாங் ஜாவா வரை ஊர்ந்து, எல்லாரையும் இறக்கிவிட்டது. ஒன்பது மணி எப்போதோ தாண்டியிருந்தது. எஸ்தரின் அப்பா போன் செய்தார். எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தனை பயணிகளும் ஒரே நேரத்தில் கார் கூப்பிட்டதால் ஒன்றும் அகப்படவில்லை. போனிலிருந்து தலை நிமிர்ந்தால் பாஸ்டரைக் காணோம். சற்றுத் தள்ளி நின்ற வெள்ளைக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் மடியில் மஞ்சள் பூ பூத்த செவ்வந்தித் தொட்டி. இரண்டு பக்கமும் தொட்டிகள். முன்னால் ஒரு சீன ஆன்டி, திரும்பி வாயைப் பிளந்தபடி.

“அங்கிள், இது டெக்சி இல்ல லா!”

பாஸ்டர் பதறி இறங்கப் போனார். தொட்டி சாய்ந்து, ஈர மண் முழுக்க அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. ஆன்டி ஒரு விநாடி பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“நான் மேரு எஸ்டேட் பக்கம் பொறந்தது. தமிழ் கொஞ்சம் தெரியும். எங்க போகணும்?”

“கிள்ளான் சர்ச் ஆன்டி. கல்யாணம். இவர் போனாத்தான் கல்யாணமே” என்றேன்.

“ஐயோ! ஏறு, ஏறு. முதல்ல கோயில்ல பூ குடுக்கணும், அப்புறம் சர்ச். வழிதான்.”

இப்படியாக, கல்யாணத்துக்குப் போக வேண்டிய பாஸ்டர் கிள்ளானில் ஒரு சீனக் கோயில் வாசலில் போய் இறங்கினார். இறங்கியவர் சும்மா நிற்கலாம் இல்லையா? தொட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார். கோயில் பெரியவர் ஒருவருக்கு ஒரே சந்தோஷம். ஊதுபத்திகளைக் கொளுத்தி மரியாதையோடு அவர் கையில் கொடுத்துவிட்டார். பாஸ்டர் அவற்றை வாங்கி, பவ்யமாக என்னிடம் நீட்டினார்.

“தம்பி, இது உங்க டிபார்ட்மென்ட்.”

நான் வாங்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று வேண்டிக்கொண்டதுபோல் என் வாழ்நாளில் எந்தக் கோயிலிலும் வேண்டிக்கொண்டதில்லை. எப்படியாவது இந்த ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, வேறு எதுவும் வேண்டாம்.

சர்ச் வாசலில் எஸ்தரின் அப்பா நின்றிருந்தார். நான் கண்ணை மூடாத குறை. அவரோ நிதானமாக, உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார்.

“வந்துட்டீங்களா? பரவால்லையே, நேரத்துக்கு வந்துட்டீங்க!”

உள்ளே எஸ்தருக்கு இன்னும் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். என் கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கல்யாணம் பதினொரு மணிக்குண்ணே. பாஸ்டர்கிட்டயும் உங்ககிட்டயும் மட்டும்தான் ஒன்பதுன்னு சொன்னோம்.”

“என்கிட்டயுமா?”

“உங்க மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும்ணே.”

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படியில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன். யாரோ கையில் ஒரு கறிபாப்பைத் திணித்தார்கள். அதைப்போல் ருசியான கறிபாப்பை இன்றுவரை நான் சாப்பிட்டதில்லை.

மண் அப்பிய சட்டையின்மேல் யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு பாஸ்டர் கல்யாணத்தை நடத்தினார். மணமகன் பெயரைச் சரியாகவே சொன்னார். கடைசி வரிசையில் சீன ஆன்டி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் எஸ்தரிடம் கேட்டேவிட்டேன். “இவரைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சும் ஏம்மா இவரையே கூப்பிட்டே?”

அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். “அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, வேற யாரையோ பார்க்க வந்தவரு மாடி மாறி எங்க வார்டுக்கு வந்துட்டாருண்ணே. ஜெபம் பண்ணி முடிச்சப்புறம்தான் ஆள் மாறினது தெரிஞ்சுது. ஆனா மறுநாளும் வந்தாரு. அம்மா போற வரைக்கும் தினமும் வந்தாரு. சொந்தக்காரங்களே வராத நாள்லயும்.”

சாயங்காலம் ஆபீஸ் நண்பர்கள் பிரிக்பீல்ட்ஸுக்குக் காரில் கிளம்பினார்கள். பாஸ்டர் ஸ்டேஷனை நோக்கி நடந்தார். நானும் கூடவே நடந்தேன்.

“நீங்க கார்ல போலாமே தம்பி? சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம்.”

“கார்ல எடம் இல்ல பாஸ்டர்” என்றேன்.

மூன்று சீட் காலியாகத்தான் இருந்தது.