எல்லா வேடமும் ஹிபினோ அம்மாவுக்கே

பதினோரு பேரும் வந்து உட்கார்ந்து இருபது நிமிடமாயிற்று. நாடகத்தின் முதல் வரியை யாரும் வாசித்தபாடில்லை.

"நீங்க ஆரம்பிங்க."

"நான் எங்க? நீங்கதான் மூத்தவங்க."

"மூத்தவங்கன்னா கண்ணு தெரியாதுன்னு சொல்றீங்களா?"

நத்சுனோ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஊர் நூலகத்தில் அவளுக்கு ஒரு வருட ஒப்பந்த வேலை, மார்ச்சோடு முடிகிறது. அப்பா மீன் சந்தையில் குடல் எடுக்கிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் கால் அவளுடையது. முந்நூறு வருடத்துக்கு முன் இந்தத் துறைமுகத்தில் பிறந்த நாடகாசிரியரின் எல்லா நாடகங்களையும் ஊர்க்காரர்களைக் கூட்டி வாசிக்க வைக்க வேண்டும் என்பது அவளுக்கு வந்த உத்தரவு. அந்த நாடகாசிரியரின் முகம் பதித்த அரிசி பிஸ்கட்டைக் கடிக்காத பல் ஊரில் இல்லை. அவர் எழுதியதைப் படித்த கண்தான் இல்லை.

"மார்ச் வரைக்கும் கூட்டம் கலையாம நடந்தா, அடுத்த வருஷமும் இந்த வேலையை வச்சுக்கலாம்மா," என்று நூலகத்தைக் கவனிக்கும் பிரிவுத் தலைவர் கமெய் சொல்லியிருந்தார்.

அதனால் சீட்டுக் குலுக்கிப் பாத்திரங்களைப் பிரித்தாள். அதுதான் நியாயம் என்று படித்தவள் நினைத்தாள்.

கதாநாயகி வேடம் புது மருமகள் சாயோவுக்கு விழுந்தது. வேலைக்காரி வேடம் அவளுடைய மாமியாருக்கு. பத்தொன்பது வருடமாகக் குடியிருப்போர் சங்கத் தலைவியாக இருக்கும் ஹிபினோ அம்மாவுக்கு. மொத்தம் ஒரே வரி: 'விளக்கு ஏத்தியாச்சு, எஜமானி.'

"நல்ல வேஷம்," என்றார் ஹிபினோ அம்மா. "மனப்பாடம் பண்ற சிரமமே இல்ல."

அடுத்த வாரம் அவருக்கு ஜலதோஷம். அவருக்கு ஜலதோஷம் என்றால் தெருவுக்கே ஜலதோஷம். ஒருவரும் வரவில்லை.

நத்சுனோ அவர் வீட்டு வாசலில் போய்க் குனிந்து நின்றாள்.

"என் தப்புதாம்மா."

"உன் தப்பு என்ன? சீட்டுல வந்தது. சாமியே நம்மள வேலைக்காரின்னா கேட்டுக்க வேண்டியதுதான்."

"கதாநாயகியா நீங்கதான் வாசிக்கணும்."

"இந்த வயசுல எனக்கெதுக்கு பதினெட்டு வயசுப் பொண்ணு?"

முறைப்படி மூன்று தடவை மறுத்தார். நான்காவது தடவை கேட்பதற்குள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

கூட்டம் திரும்பி வந்தது. புது வினையும் கூடவே வந்தது. கதாநாயகிக்கு அறுபது வரி, காதலனுக்கு எண்பது. காதலனாக வாசித்த பழைய தபால்காரர் நெளிந்தார்.

"அம்மாவை விட எனக்கு அதிகம் இருந்தா நல்லாவா இருக்கும்? இதையும் அவங்களே வாசிக்கட்டும்."

"இல்லைங்க, பாத்திரத்துக்கு ஒருத்தர்னுதான் திட்டம்," என்றாள் நத்சுனோ.

"படிச்ச பொண்ணு. நாலு பேரோட பழகத் தெரியல," என்றது ஒரு குரல், மரியாதையாக.

விட்டுக்கொடுத்தாள். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் வரிகளைத் தாரை வார்த்தார்கள். பிப்ரவரிக்குள் ஹிபினோ அம்மாவே காதலி, காதலன், காதலனின் மனைவி, இரண்டு படகோட்டி. தன்னோடு தானே சண்டை போட்டார், தன்னைத் தானே சமாதானம் செய்தார், கடைசியில் காதலர்களின் இரட்டைத் தற்கொலையை ஒற்றை ஆளாக முடித்துவைத்தார். மற்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். பழைய எழுத்துகளைப் படிக்க நாலு வருடம் கற்றவள், வரிசை தவறாமல் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.

மார்ச் கடைசி வியாழன் கமெய் வந்தார். கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம். வாசிப்பு அடுத்த வருஷமும் தொடரும்."

நத்சுனோ முதல்முறையாகப் பல்லைக் கடிக்காமல் குனிந்தாள். தாழ்வாரத்துக்கு ஓடிப் போய்ப் போன் செய்தாள்.

"அப்பா, வேலை நிலைச்சிருச்சு."

"இரு, கையைக் கழுவிட்டு வரேன், மறுபடி சொல்லு," என்றார் அவர். மறுபடி சொன்னாள்.

அவள் சமையலறைக்குப் போனபோது சாயோ கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சம்பளமே வேணாம், நூலகத்தை நான் பாத்துக்கிறேன்னு எங்க அத்தை போன வருஷமே மனு குடுத்தாங்கல்ல, தனியா சமாளிப்பாங்களான்னு பாக்கத்தான் கமெய் சார் எங்க எல்லாரையும் வரச் சொன்னாரு," என்றாள் சாயோ, "ஏப்ரல்ல இருந்து நீங்க எங்க வேலைக்குப் போறீங்க அக்கா?"