வானகரத்தில் நான் தாளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

நான் ஒரு சவ ஊர்வலத்தில் தாளம் போட்டிருக்கிறேன். விமானி சீருடையில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி வருவதற்குள் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழைகள் இருக்கின்றன. பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அன்றைய பக்கம் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தைந்து வயது. ஒரு தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் லேத் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கொடுத்திருந்த தவணை ஆனி மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்தது ஆடி. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், வீட்டுக்காரர்களும் குடிவைக்க மாட்டார்கள். ஆகவே ஆனி முடிவதற்குள் ஏதோ ஒரு வாடகை வீட்டில் அம்மா பால் காய்ச்சியாக வேண்டும். இல்லாவிட்டால் முப்பது வருடச் சாமான்களோடு மூன்று பேரும் நடுத்தெருவில். (தங்கைக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது.)

அந்த வீடு வானகரத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. என்னிடம் கார் கிடையாது. (கார் என்ன, வீட்டில் இருந்த சைக்கிளே அப்பாவுடையது.) விமானிகளை அழைத்துப் போக நிறுவனத்தின் வேன் வரும். ஆனால் அது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரம் வரைதான் வரும். அதற்கு மேல் ஒரு அடி வராது. ஆவடியிலிருந்து நான் மூன்று பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன்.

பதினொரு வீடு பார்த்தோம். எல்லா இடத்திலும் ஒரே உரையாடல்தான்.

"தம்பி என்ன வேலை?"

"பைலட்டுங்க."

"எதுல வந்தீங்க?"

"பஸ்லங்க."

அதோடு முகம் மாறிவிடும். ஒரு அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டே உள்ளே யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது: "பிளேன் ஓட்டுறாராம். நாப்பத்தேழு ஏ-ல வந்து எறங்குறாரு."

வீட்டுத் தரகர் துரைக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. பருத்திப்பட்டுக்காரர். பஸ்ஸிலிருந்து இறங்கும் என்னை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துத் தெருத் தெருவாகச் சுற்றியவர். பன்னிரண்டாவது வீட்டுக்கு ஒரு யோசனை சொன்னார்.

"சார், இது எத்திராஜ் ஊடு. தங்கமான மனுசன், மேல் போர்ஷன் காலியா கீது. உன்னப் பத்தி சொல்லி வெச்சுகீறேன். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வா. ஆனா இந்த சட்டைல வராத. அந்த ஏரோப்ளேன் துணிய போட்டுகினு வா. தோள்ல கோடு, தலைல தொப்பி. அத்த பாத்தா எவனும் கார் கீதான்னு கேக்க மாட்டான்."

பணியில் இல்லாதபோது சீருடை அணியக் கூடாது என்பது விதி. அதுவரை நான் எந்த விதியையும் மீறியதில்லை. ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. மீறினேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்பு டை, தோளில் தங்கக் கோடுகள், தொப்பி. அம்மா வாசல் வரை வந்து பார்த்தாள். "வீடு அமைஞ்சா ஆயிரங்கண்ணுடையாளுக்குப் பொங்கல் வைக்கிறேன்" என்றாள். எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம், அந்த ஊர் மாரியம்மன் அவள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் குறுக்கு வழியாகப் பின்பக்கச் சந்தில் போனேன். அங்கேதான் என் விதி என்னைப் பிடித்தது. முன்வாசல் வழியாகப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எத்திராஜ் வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. யாரும் இல்லை. துரையையும் காணவில்லை. மாடிக்கு வெளிப்புறப் படிக்கட்டு. மேல் போர்ஷன் பூட்டியிருக்காது, போய்ப் பார்க்கலாம் என்று துரை முன்பே சொல்லியிருந்தார். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. சும்மா நிற்பது எனக்குப் பழக்கமில்லை. விமானத்தைக் கிளப்புவதற்கு முன் பட்டியல் வைத்துச் சரிபார்ப்பதுபோல வீட்டுக்கும் ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தேன். இருபத்தாறு இனங்கள். நாட்குறிப்பிலிருந்து சிலவற்றை அப்படியே தருகிறேன்.

'ஜன்னல் கொக்கிகள்: நன்று. சமையலறை மேடை: அம்மாவின் உயரத்துக்குச் சரி. அக்கம்பக்கம்: கொஞ்சம் சத்தம். ஊதுவத்தி வாசனை: பக்தியுள்ள குடும்பம்.'

(இதைப் படித்துக் காட்டித்தான் என் மகள் தன் கல்லூரித் தோழிகளைச் சிரிக்கவைக்கிறாள்.)

இருபத்து மூன்றாவது இனம் மோட்டார். மேல்தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த எவனும் செய்கிற சோதனைதான். கீழே இறங்கிப் பின்பக்கச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டேன். நேரத்தைக் குறித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். நான் ஏறி முடிப்பதற்குள் தொட்டி வழிய ஆரம்பித்துவிட்டது. காலையிலேயே நிரப்பி வைத்திருக்கிறார்கள். அத்தனை பேர் வந்து போகிற வீடு, நிரப்பாமல் என்ன செய்வார்கள்?

வழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக முன்பக்கம் விழுந்தது. எங்கே விழுகிறது என்று கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன்.

கீழே ஷாமியானா. இரண்டு பக்கமும் நாற்காலிகள். நடுவில் மாலைகளுக்கு அடியில் ஒரு கிழவர். வாசல் ஓரத்தில், சுடுகாட்டுக்கு எடுத்துப் போவதற்காக வறட்டி போட்டு மூட்டிவைத்த நெருப்புச் சட்டி. என் தண்ணீர் மாடி உயரத்திலிருந்து இறங்கி, நேராக அந்தச் சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. விமானத்தை ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறக்க அந்த ஐந்து மாதமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்ணீருக்கு ஒரு பயிற்சியும் தேவைப்படவில்லை.

சட்டி 'உஸ்' என்று அணைந்தது. ஐம்பது அறுபது முகங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தன.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் கத்தினார். எத்திராஜின் மைத்துனர் முனுசாமி என்று பிறகு தெரிந்தது. "யோவ் பேண்டு! மேல இன்னாயா பண்ற? ஒம்போது மணிக்கு வர சொன்னா இப்ப வந்துகினு மாடில வேடிக்கை பாக்குறியா? உன் ஆளுங்க எங்க?"

பேண்டு வாத்தியக்காரன். ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு என் தங்கக் கோடுகளையும் தொப்பியையும் அவர் கண்ணால் பார்த்தேன். புரிந்தது.

ஓடிப்போய் மோட்டாரை அணைத்துவிட்டு முன்பக்கம் வந்தேன், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு. நாற்காலி வரிசையிலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. துரை.

"சார், வாயத் தொறக்காத. எத்திராஜோட அப்பா விடிகாலைல பூட்டாரு. உனக்கு சொல்றதுக்கு போன் ஏது? ஊடு பாக்க வந்தவன் நெருப்ப அணைச்சான்னு தெரிஞ்சா உன்னையும் இங்கயே சேத்து எடுத்துருவானுங்க. பேண்டுன்னு நெனச்சுகினு கீறாங்க. அப்டியே இருந்துட்டுப் போ."

நெருப்பு அணைந்ததைப் பற்றி ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். ஒரு பாட்டி மார்பில் அடித்துக்கொண்டாள். "அவருக்குப் போக மனசில்லடா எத்திராஜு! தானே தண்ணிய ஊத்தி அணைச்சுட்டாரு, பாத்தியா!" எத்திராஜ் அதைக் கேட்டு வாய்விட்டு அழுதார். கூட்டமே அழுதது. என் மோட்டார் சோதனை ஒரு மனிதரின் கடைசி ஆசையாகிவிட்டது. அன்று நடந்ததில் நான் இன்றுவரை வெட்கப்படுவது இதற்குத்தான்.

உண்மையான பேண்டு குழு அரை மணி கழித்து வந்தது. தாளக்காரருக்குக் காய்ச்சலாம், ஆள் குறைவு. குழுவின் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த செட்டு நைனா?"

"மீனம்பாக்கம்."

"தொழில் எப்டி ஓடுது?"

"மாசத்துக்கு எழுபது எண்பது மணி நேரம் வருது."

"அம்மாடி! எங்களுக்கு பத்து கூட தேறல. துணி சூப்பரா கீதுபா. இந்தா, தாளத்தப் புடி. முன்னால நட. நீ நின்னா செட்டுக்கே ஒரு மரியாத."

முனுசாமி பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தேன்.

தெருமுனை வரை கூட எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. துரை பக்கத்தில் நடந்தபடி அதையும் முடித்துவைத்தார். "இந்த ஊட்ட மறந்துடு சார். சாவு விழுந்த ஊடு. ஒரு வருசத்துக்கு பால் காச்ச வுட மாட்டாங்க. நாளன்னிக்கு ஆடி பொறக்குது. வேற ஊடும் இல்ல."

அம்மா பொங்கல் நேர்ந்துகொண்டது ஞாபகம் வந்தது. கட்டி முடித்த மூட்டைகள் ஞாபகம் வந்தன. அழுதுவிட்டேன். பிப்ரவரியில் சேர்ந்த வேலை, விமானி என்ற பெயர், இரண்டு தங்கக் கோடு, எதுவும் என் அப்பா அம்மாவுக்கு ஒரு கூரையைத் தேடிக் கொடுக்கவில்லை. தாளத்தை மட்டும் விடாமல் தட்டினேன். லயம் சரியாக இருந்தது என்று மாஸ்டர் பிறகு சொன்னார்.

ஊர்வலம் நெடுஞ்சாலைக்கு வந்தபோது வண்டிகள் ஒதுங்கி நின்றன. நின்றவற்றில் ஒன்று எங்கள் நிறுவனத்தின் வேன். ஜன்னலோரத்தில் கேப்டன். ஷூவில் தூசி இருந்தால் பறக்க விடாத மனிதர். மூன்று மீட்டர் தூரம். நான் தட்டினேன். அவர் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றினார். வேன் போய்விட்டது.

மறுநாள் அவர் அறைக்குப் போகும்போது ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

"இறந்தது நெருங்கிய சொந்தமா?" என்று கேட்டார். "நீங்கள் அழுததைப் பார்த்தேன். சீருடையில் நின்று மரியாதை செய்தீர்கள். விதிக்கு விரோதம்தான். ஆனால் என் அப்பாவுக்கு நான் அதைச் செய்யவில்லை."

நான் 'ஆமாம்' என்று சொன்னேன். நாட்குறிப்பில் அந்தப் பொய்க்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். மூன்று நாள் துக்க விடுப்புக் கொடுத்தார்.

அந்த மூன்று நாளில்தான் அண்ணனூரில் வீடு கிடைத்தது. மின்சார ரயில் பணிமனைக்கு எதிரில், இரண்டு அறை. ரயில் சத்தத்துக்கு யாரும் தங்காததால் வீட்டுக்காரர் ஆடியையும் பார்க்கவில்லை, காரையும் கேட்கவில்லை. ஆடி முதல் தேதி அம்மா பால் காய்ச்சினாள், தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வேன் அங்கே வராது. அண்ணனூரிலிருந்து சென்ட்ரல், சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம். நான்கு வருடம் அப்படித்தான் போய் விமானம் ஓட்டினேன்.

துரை ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா சிரிக்கிற ஆள் இல்லை. ஆனால் பையன் என்ன செய்கிறான் என்று யார் கேட்டாலும் அன்றிலிருந்து ஒரே பதில்தான். "ஞாயித்துக்கிழமை பேண்டு வாசிப்பான். மத்த நாள்ல பிளேன் ஓட்டுவான்."

பன்னிரண்டு வருடம் கழித்து, அதே அண்ணனூர் வீட்டில் அப்பா போனார். நான் சொந்தமாக வீடு வாங்கி எத்தனை முறை கூப்பிட்டும் அவர் அங்கிருந்து வரவில்லை. அம்மா அவர் தலைமாட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை. எல்லோருக்கும் அதுதான் பயமாக இருந்தது. என் தங்கை கணவர் தயங்கியபடி அவளிடம் வந்து, "அத்தை, பேண்டுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு மாப்பிள்ளை? அதான் வீட்லயே ஒருத்தன் இருக்கானே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். வாசலில் யாரோ வறட்டியைப் பற்றவைக்கும் புகை வந்தது. நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய், மோட்டார் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.