தனிமைக்கு வாங்கிய காப்பி உரல்

மதிப்பிற்குரிய நஸூஹ் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன் ஸுஹைப், மஆன் நகருக்குத் தெற்கே பாலைவனத்திலிருந்து எழுதுவது. இறைவன் அருளால் நான் நலம். உங்கள் மூட்டுவலியும் மாமியின் கோபமும் தணிந்திருக்க வேண்டுகிறேன். இங்கே செல்போன் எடுக்காது, அதனால் கடிதம்.

உங்கள் புதுச் சம்பந்தி தன் ஆபீஸில் எனக்காக ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறார், மாதக் கடைசிக்குள் போய் உட்காராவிட்டால் போய்விடும் என்றீர்கள். போகட்டும் மாமா. பொறியியல் படித்துவிட்டு அம்மானில் பத்தொன்பது நேர்காணலுக்குப் போனேன். கான்கிரீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "நீ யார் வீட்டுப் பையன்?" என்றுதான் கேட்டார்கள். அதைக் கேட்க ஆளே இல்லாத இடம் தேடித்தான் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டேன். கரண்ட் இல்லாத இடமாயிற்றே என்று மஆன் சந்தையில் காப்பிக்கொட்டை இடிக்க ஒரு மர உரல் வாங்கினேன். முதல் நாள் காலை, யாரும் இல்லாத தைரியத்தில் தாளம் போட்டு இடித்தேன். அரை மணியில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. முத்லக் என்பவரும் அவர் தம்பிகள் நால்வரும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு என் பாயில் உட்கார்ந்தார்கள். "கூப்ட்டியே தம்பி, வராம இருப்போமா?" இந்தப் பக்கம் உரல் சத்தம் கேட்டால் அது அழைப்பாம். என்னிடம் இருந்ததோ ஒரே கிண்ணம். மறுநாள் உரலைப் போர்வையில் சுற்றி மெதுவாக இடித்தேன். சீக்காளி இடிக்கிற மாதிரி இருந்ததாம். முத்லக்கின் மனைவி நஷ்மியா அக்கா சூப்போடு கழுதையில் வந்து, நான் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. மூன்றாம் நாள் இடிக்கவே இல்லை, தொலைந்தேன். நேற்றுவரை சத்தம் வந்த கூடாரம் இன்று சும்மா கிடந்தால் சாவு என்றுதானே நினைப்பார்கள்? பதினேழு பேர் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். இருப்பது நான் ஒருவன், யார் செத்தது என்று என்னிடமே விசாரித்தார்கள். நான் உயிரோடு இருப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம், ஆட்டை அறுத்துச் சோறாக்கி, பொழுது சாயும்வரை ஆடினார்கள். நானும் ஆடினேன், அது வேறு விஷயம்.

மாமா, அந்த மூன்று நாளும் ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை. வந்தவனை மூன்று நாள் எதுவும் கேட்கக் கூடாதாம். நாலாம் நாள் அக்கா கேட்டேவிட்டார்.

"யார் வீட்டுப் புள்ளடா நீ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யார் வீடும் இல்ல. இப்ப என்ன?"

"நல்லதாப் போச்சு. உன்னைத் திட்டுறதுக்கு யாரையும் கேக்க வேணாம். எங்க தண்ணித் தொட்டி ஒழுகுது. சிமென்ட் கொழைக்கத் தெரியுமா?"

என் இருபதாவது நேர்காணல். அதில்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். தொட்டி இப்போது ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. ஆனால் அதைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் ஒழியவில்லை. வந்தவன் காப்பி குடிக்காமல் போவதில்லை, குடித்தவன் கதை சொல்லாமல் போவதில்லை. இப்படியிருந்தால் ஒரு மனுஷன் எப்படித் தனியாக வாழ்வது? ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: எனக்கு மனிதர்களே வேண்டாம். அந்த நாற்காலியை மாமா இல்லாத எவனுக்காவது கொடுக்கச் சொல்லுங்கள்.

மாமிக்கு சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஆயுள் நீளட்டும், உங்கள் சிபாரிசு குறையட்டும்.

இப்படிக்கு,
யாரும் தேவைப்படாத
ஸுஹைப்

பின்குறிப்பு: இதை எழுதி வைத்து ஒரு வாரமாகிறது. முந்தாநாள் முத்லக் குடும்பம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. "நீயும் வாடா" என்றார்கள். தனிமை விரும்பி வந்தவன் நான் என்று கம்பீரமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். நேற்று ஒரு மணி நேரம் இடித்தேன். இன்று இரண்டு மணி நேரம். ஒருவரும் வரவில்லை. கூடாரத்தைப் பிரித்துவிட்டேன். தண்ணீர் லாரிக்காரர் என்னை அந்தப் பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டு, இதைத் தபாலில் போடுவார். மறக்காமல், காப்பிக் கிண்ணம் இரண்டு டஜன் பார்சலில் அனுப்புங்கள், அவரே வாங்கிவந்து தருவார்.