நீதிபதி வீட்டுக் கெண்டை

"என்னங்க, குளியல் தொட்டியில ரெண்டு மீன் நீந்துது."

நீதிபதி வெலிமிர் கன்னத்தில் பாதிச் சோப்பு நுரையோடு திரும்பினார். "நேத்து ஒண்ணுதானே இருந்துச்சு?"

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றாள் அவர் மனைவி தெசங்கா.

"ராத்திரி குட்டி போட்டிருக்குமோ?"

"கெண்டை குட்டி போடுமா? அப்படியே போட்டாலும் தாய் அளவுக்கேவா போடும்? நல்ல நீதிபதி போங்க! நீங்க ஷேவ் பண்ண உட்கார்ந்ததும் மிலாதின் வந்தான். 'ஸ்லாவா வாழ்த்துகள் அக்கா'ன்னான். வாளியோட உள்ள போனான். தொட்டியில விட்டான். போயிட்டான்."

"எந்த மிலாதின்?"

"மரம் அறுக்கிற மில்லு மிலாதின்."

வெலிமிர் கையிலிருந்த சவரக்கத்தி தட்டில் விழுந்தது.

புனித நிக்கோலாவின் நாள் அன்று. மலா ரேகா ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அவர்தான் குலப் புனிதர். மீதிப் பாதி அந்த வீடுகளுக்கு விருந்தாளி. குலப் புனிதரின் திருநாளான ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை யாரும் விரட்டுவதுமில்லை. நோன்புக் காலமானதால் இறைச்சி கிடையாது, மீன்தான். மிலாதின் மீனோடு வந்ததில் ஊர் வழக்கப்படி ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் மறுநாளில் இருந்தது. மறுநாள் காலை மிலாதின் வழக்கில் வெலிமிர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வழக்கு சின்னது. ரொசாந்தா என்ற விதவையின் வீட்டுக்குப் போகும் பாதையில் மிலாதின் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டான். அவள் ரொட்டி வாங்கப் போனாலும் குன்றைச் சுற்றித்தான் வரவேண்டும். தீர்ப்பை வெலிமிர் ஏற்கெனவே எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். அவர் சொல்லப்போகும் கடைசித் தீர்ப்பு அது. புத்தாண்டோடு ஓய்வு. நகர மன்றத்தார் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள். நீதிமன்றச் சுவரில் பதிக்கப் பளிங்குப் பலகைகூடத் தயார்: 'கறை படாத கை.'

அந்தப் பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. 'பொருள் வாசலுக்குள் வந்தால் கோப்பு வாசலுக்கு வெளியே போகும்' என்பது அவர் கொள்கை. ஒருமுறை பன்றித் தொடை வந்தது. வாய்க்கால் வழக்கிலிருந்து விலகினார். ஒரு ஜோடி பூட்ஸ் வந்தது. பாகப்பிரிவினை வழக்கிலிருந்து விலகினார். விலகிய வழக்கெல்லாம் பக்கத்து நகரத்து நீதிபதி ஒப்ராதிடம் போகும். ஒப்ராதும் நேர்மையானவர்தான், கொஞ்சம் ஆற அமரப் படிப்பவர். அவரிடம் ஒரு வேலித் தகராறு போனது. தீர்ப்பு வந்தபோது வேலி மக்கி மண்ணாகியிருந்தது.

"இந்தத் தடவை விலக மாட்டேன். கடைசி வழக்கு. மீனை யாருக்கும் தெரியாம இப்பவே திருப்பி அனுப்பிட்டா, அது வாசலுக்குள்ள வரவே இல்லைன்னு அர்த்தம்" என்றார் வெலிமிர்.

"ஸ்லாவாவுக்கு வந்ததைத் திருப்பினா புனிதர் கோவிச்சுக்குவார்."

"புனிதர்கிட்ட நான் பேசிக்கிறேன். எது அவன் மீன்?"

"இடது பக்கம் கிடந்தது நம்மளோடது."

"சரி."

"ஆனா இப்ப அது வலது பக்கம் போயிருச்சு. போயிருச்சுன்னுதான் நினைக்கிறேன்."

வெலிமிர் முக்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியருகே உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். ஒரு மீன் வாலை ஆட்டிக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தது. இன்னொன்று ஓரமாக நின்று, ஒரு கண்ணால் அவரையே உற்றுப் பார்த்தது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

"பார்த்தியா தெசங்கா? மனசுல கள்ளம் இல்லாததுதான் இப்படி முகத்துக்கு நேரா பார்க்கும். இது நம்ம மீன். அந்த அலையுற கழுதைதான் லஞ்சம்."

"மீனுக்கெல்லாம் மனசாட்சி பார்க்கிறீங்களே!"

"சாட்சிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணுடி இது."

நீதிமன்றச் சேவகன் போக்தானை வரவழைத்து, "இதை மிலாதின் வீட்டுல கொடுத்துட்டு வா. யாருக்கும் தெரியக்கூடாது" என்றார்.

போக்தான் விசுவாசி. ஆனால் வாளிக்கு மூடி இல்லை. கடைத்தெருவில் மீன் ஒரு துள்ளுத் துள்ளியது.

"என்னப்பா போக்தான், யாரு வீட்டு மீன்?"

"நீதிபதி ஐயா வீட்டுது."

"எங்க போகுது?"

"மிலாதினுக்கு. யாருக்கும் தெரியக்கூடாதாம், உரக்கப் பேசாதீங்க."

மதியம் வீடு நிரம்பியது. மெழுகுவத்தி எரிந்தது, பாதிரியார் ஸ்லாவா ரொட்டியை வெட்டினார், எல்லாரும் இனிப்புக் கோதுமை ஒரு கரண்டி, ராக்கியா சாராயம் ஒரு கிண்ணம் என்று தொடங்கினார்கள். பிறகு வெங்காயத்தோடும் உலர்ந்த பிளம் பழத்தோடும் சுட்ட கெண்டை நீளத் தட்டில் வந்தது. வெலிமிர் நிம்மதியாக இரண்டாம் துண்டை வாயில் போட்ட நேரத்தில் மிலாதின் உள்ளே வந்தான். ஸ்லாவா அன்று அவனைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

"ஐயா, நீங்க அனுப்பின மீன் வந்து சேர்ந்துச்சு. பெரிய மனசு உங்களுக்கு!"

மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நான் அனுப்பல. உன்னோடதைத் திருப்பினேன்" என்றார் வெலிமிர்.

"இல்லீங்களே. என் மீனுக்கு ஒரு கண்ணுதான். நீங்க அனுப்பினதுக்கு ரெண்டும் ஜம்முனு இருக்கு."

பாதிரியார் மெல்லத் தட்டிலிருந்த மீன் தலையை முள்கரண்டியால் புரட்டினார். அந்தப் பக்கம் கண் இருக்கவேண்டிய இடம் என்றைக்கோ தழும்பேறி மூடியிருந்தது.

"முகத்துக்கு நேரா பார்த்துச்சாம்ல" என்று தெசங்கா முணுமுணுத்தாள். "பாவம், அதுக்கு இருந்ததே அந்த ஒரு கண்ணுதான்."

வெலிமிர் வாயிலிருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று சட்டப்படி யோசித்தார். அதற்குள் அது தானே இறங்கிவிட்டது.

"இதுல என்ன தப்பு?" என்றார் பாதிரியார். "அவர் மீனை நீங்க சாப்பிட்டீங்க, உங்க மீன் அவர்கிட்ட இருக்கு. மீனுக்கு மீன் சரியாப் போச்சு."

"அதெப்படி?" என்றார் மருந்துக்கடைக்காரர். "வழக்குல ரெண்டு தரப்பு. ஒரு தரப்புக்கு நீதிபதி வீட்டு மீன் போயிருக்கு. இன்னொரு தரப்பு?"

வெலிமிருக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதை உடனே செய்துவிடுவது அவர் சுபாவம். "போக்தான்! ராதோவான் மீன்கடையில ஒரு நல்ல கெண்டை வாங்கி ரொசாந்தா அம்மாகிட்ட கொடுத்துட்டு வா. இந்தத் தடவை எல்லாருக்கும் தெரியட்டும்!"

எல்லாருக்கும் தெரிந்தது. சாயங்காலம் வாசல்மணி அடித்தது. விவாகரத்து கேட்டிருக்கும் தபால்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பையோடு நின்றார்கள்.

"வழக்கு இருக்கிறவங்களுக்கு ஐயா மீன் கொடுக்கிறதாச் சொன்னாங்க" என்றார் தபால்காரர். "எங்களுக்கு ஜோடியா ஒண்ணா, தனித்தனியா ரெண்டா?"

"தனித்தனியா!" என்றாள் மனைவி.

அவர்களுக்குக் கோதுமையும் ராக்கியாவும் கொடுத்து அனுப்பிவைத்த பின், ரொசாந்தா வந்தாள். செருப்பெல்லாம் சேறு. பழந்துணியில் சுற்றிய கெண்டையை மேசைமேல் வைத்தாள்.

"ஸ்லாவா வாழ்த்துகள் ஐயா. இதை நீங்களே வச்சுக்குங்க."

"ஏம்மா, நல்ல மீனாச்சே?"

"நல்ல மீன்தான். நான் கேட்டது பாதை. உங்க ஆளு குன்றைச் சுத்தி வந்து மூச்சு வாங்கிட்டு இதைக் கொடுத்துட்டுப் போனான். அதையே சுமந்துக்கிட்டு நானும் குன்றைச் சுத்தி வந்திருக்கேன். மீனுக்கே குன்று அலுத்துப் போச்சு."

"அம்மா, விஷயம் சிக்கலாயிருச்சு. நான் எதிர்த்தரப்பு மீனைச் சாப்பிட்டுட்டேன்."

"செரிச்சுருச்சா?"

"செரிச்சுருச்சு."

"அப்ப என்ன? நாளைக்குத் தீர்ப்பைச் சொல்லுங்க. பாதை யாரோடதுன்னு ஊருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த மீனுக்கு மட்டும்தான் தெரியாது, அதுவும் செத்துப் போச்சு."

வெலிமிர் சன்னலைப் பார்த்தார். அவள் பாதை ஒருபக்கம், பளிங்குப் பலகை ஒருபக்கம். 'கறை படாத கை' என்று எழுதிய கல்லின் கீழே ஊர் என்றைக்கும் மீன் கதை பேசிச் சிரிக்குமே!

"ஊர் என்ன சொல்லும்மா?"

"ஊரா ஐயா குன்றைச் சுத்துது?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள்.

மறுநாள் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. வெலிமிர் எழுந்தார். இழுப்பறையிலிருந்த தீர்ப்பை எடுத்துக்கொண்டு வரவில்லை.

"என் வீட்டு வாசலுக்குள் ஒரு கெண்டை வந்தது. தெரியாமல் அதை உண்டுவிட்டேன். உண்டவன் தீர்ப்புச் சொல்லலாகாது. இந்த வழக்கிலிருந்து விலகுகிறேன். கோப்பு நீதிபதி ஒப்ராதிடம் போகட்டும்."

நகர மன்றத் தலைவர் எழுந்து கைதட்டினார். மண்டபமே எழுந்து தட்டியது. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிலாதின்கூட எழுந்து நின்று தட்டினான். அவமானத்தில் தட்டுகிறான் என்று வெலிமிர் நினைத்துக்கொண்டார். ரொசாந்தா மட்டும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மதியத்துக்குள் குன்றைத் தாண்டவேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு நடந்தபோது வெலிமிரின் முதுகு இளைஞனைப்போல் நிமிர்ந்திருந்தது. மீன்கடையில் ராதோவான் காலித் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஐயா, புத்தாண்டோட நிஜமாவே ஓய்வா?"

"ஆமாப்பா. மனநிறைவோட போறேன்."

"உங்களுக்கென்ன, நிறைவு. என் பிழைப்புல மண்ணு விழுந்துச்சு. இனிமே பெரிய கெண்டையை எவன் வாங்குவான்?"

"ஏம்ப்பா, மிலாதின் மாதிரி ஆளுங்க இருக்கத்தானே செய்றாங்க? பாவம், அவ்வளவு பெரிய மீனை எனக்குக் கொடுத்து வீணாக்கிட்டான். ஜெயிச்சுடலாம்னு நினைச்சான்போல."

ராதோவான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அவரை வியப்போடு பார்த்தான்.

"ஜெயிக்க நினைக்கிறவன் உங்க வீட்டுக்கு எதுக்கு ஐயா மீன் அனுப்பப் போறான்? தோக்கப் போறவன்தான் அனுப்புவான், கோப்பு ஒப்ராத் ஐயாகிட்டப் போயிரும்ல!"