சாஸ்கடூன் காருக்கு ஸ்ரீரங்கத்து டிரைவர்

நம் ஊரில் புதிதாக ஒரு இனம் பெருகிவருகிறது. கடல் கடந்து போன பிள்ளையின் காரை, கடல் கடக்காமலே ஓட்டுகிற அப்பாக்கள். பனிக்கட்டியை இவர்கள் ஃப்ரிட்ஜுக்கு வெளியே பார்த்ததில்லை. ஆனால் மைனஸ் நாற்பதில் என்ஜின் எப்படிக் கிளம்பும், ஏன் கிளம்பாது என்று கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோய்விடாது, அவர்களே சொல்வார்கள்.

மாதிரிக்கு யதிராஜனை எடுத்துக்கொள்வோம். முப்பத்திரண்டு வருடம் பூகோள வாத்தியார். துருவப் பிரதேசம் முழுவதையும் ஒரு சாக்பீஸில் வெள்ளையடித்தவர். ஓய்வுபெற்று ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில், மனைவி கோதைநாயகியுடன் இருக்கிறார். இருக்கிறார் என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். மகன் பிரஹலாத் கனடாவின் சாஸ்கடூன் நகரத்தில் வேலைக்குப் போய் ஒரு காரும் வாங்கினானே, அன்றைக்கே மனுஷர் மனசளவில் குடிபெயர்ந்துவிட்டார்.

அந்தக் கார் வாங்கிய கதையே தனி. நாள் பார்த்தவர் இவர். ராகுகாலம் ஸ்ரீரங்கத்துக் கணக்கா, சாஸ்கடூன் கணக்கா என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் தள்ளி, மிச்சமிருந்த இருபது நிமிஷத்தை நல்ல நேரம் என்று அறிவித்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். வீடியோ காலில் இவர் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பழங்கள் நான்கும் உறைந்து கூழாங்கல் ஆகிவிட்டன. டயர் ஏறியது, வழுக்கியது, பழம் தெறித்துப் பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடியது. "நசுங்கலையேப்பா!" என்றான் பிள்ளை. "நசுங்காத பழம், நசுங்காத வண்டி. அமோகமா இருப்பே போ," என்றார் யதிராஜன். வாத்தியாராயிற்றே, விடை இல்லாத கேள்வி அவரிடம் உண்டா?

அதன் பிறகு அவர் படிப்பைப் பார்க்கவேண்டுமே! தை மாதத்தில் இங்கே இருபத்தோரு டிகிரி அடித்தாலே குரங்குக் குல்லாய், மஃப்ளர், ஸ்வெட்டர், காலுறை என்று சகலமும் பூண்டு, பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, பெருமாளைச் சேவிக்குமுன் கைப்பேசியைச் சேவித்து, சாஸ்கடூனில் எத்தனை டிகிரி, காற்றுக் குளிரோடு சேர்த்தால் எத்தனை, நாளைக்கு எத்தனை என்று மனப்பாடம் செய்து, அங்கே காருக்கு முன்னால் ஒரு வால் தொங்கும், அதை ப்ளக்கில் சொருகினால் உள்ளே ஒரு ஹீட்டர் ராத்திரி என்ஜினுக்குக் கணப்புப் போடும், பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்கக்கூடாது, ஹேண்ட் பிரேக் போட்டால் ஒட்டிக்கொள்ளும், டிக்கியில் பனி வார மண்வெட்டியும் கம்பளியும் இருக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார். கண்ணில் படுகிறவர்தான் மாணவர்.

காய்கறி கொண்டுவரும் மாரியாயிகூடத் தப்பவில்லை.

"மைனஸ் முப்பதுல நிறுத்தி வெச்ச கார் டயர் ஒரு பக்கம் சப்பையாயிடும், தெரியுமோ?"

"ஐயோ பாவமே! கத்தரிக்கா அரைக் கிலோ போடவாங்க, ஒரு கிலோ போடவாங்க?"

மெக்கானிக் பரக்கத் அலி கொஞ்சம் பொறுமைசாலி. ஒருநாள் முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிங்க சார். உங்க வண்டி கவர் போட்டபடியே கெடக்கே, பேட்டரி எறங்கிடப் போகுது. ஒரு தடவை கொண்டாங்களேன், பாத்துடறேன்."

யதிராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க உறைபனிலயே ஓடறது பாய். இங்க இருபத்தோரு டிகிரில அதுக்கு என்ன கேடு?"

கேடு வந்தது, ஒரு வியாழக்கிழமை காலையில்.

கோதைநாயகிக்குக் கண்புரை ஆபரேஷன். ஏழரைக்குள் தென்னூர் ஆஸ்பத்திரியில் இருந்தாகவேண்டும். தவறினால் அடுத்த முறை இருபது நாள் கழித்துத்தான். ஏற்கெனவே அந்த அம்மாள் மூன்று மாதமாகச் உப்பு டப்பாவைக் கையால் தடவிப் பார்த்துத்தான் சாம்பாருக்கு உப்புப் போட்டுவந்தாள். ஆறே முக்காலுக்கே பையும் ஃபைலுமாகக் கீழே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். யதிராஜன் காரில்தான் இருந்தார். கையில் போன். அங்கே அப்போது முந்தைய நாள் சாயங்காலம் ஏழு மணி கடந்திருந்தது.

"ப்ளக் சொருகினியோடா?"

"சொருகியாச்சுப்பா."

"லைட் எரியறதா? காமி."

"அப்பா, வெளில மைனஸ் முப்பத்திநாலு!"

"தெரியும்டா. உனக்கு முன்னாடியே பாத்துட்டேன். போய்க் காமி."

பாவம் அந்தப் பிள்ளை. பூட்ஸ் மாட்டி, கோட்டு மாட்டி, கையுறை மாட்டி, பனியில் இறங்கிப் போய் அந்தச் சின்ன ஆரஞ்சு விளக்கைக் காட்டினான். யதிராஜனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ஏன்னா, நாழியாறது," என்றாள் கோதைநாயகி. அது மூன்றாவது தடவை.

"இதோ, ஒரு நிமிஷம்," என்று அவர் சாவியைத் திருப்பினார்.

டிக். அவ்வளவுதான். இன்னொரு முறை திருப்பினார். டிக் டிக். மூன்றாம் முறை அந்த டிக்கும் இல்லை.

போனில் பிள்ளை கேட்டான்: "அப்பா, நம்ம வண்டியைக் கடைசியா எப்போ ஸ்டார்ட் பண்ணினேள்?"

நல்ல கேள்வி. மாணவன் கேட்டு வாத்தியாருக்கு விடை தெரியாத முதல் கேள்வி. அவருக்கு அந்தத் தை மாதக் காலையில் ஸ்வெட்டருக்குள் வியர்த்தது.

"இங்க ஹியுமிடிட்டி ஜாஸ்திடா," என்றார். இந்த அப்பாக்களை அவ்வளவு சுலபத்தில் மடக்கிவிட முடியாது.

அதற்குள் கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம். தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் வேணி.

"வாங்கம்மா, ஏறுங்க. பாலத்துல இன்னும் கூட்டம் சேரல, போயிடலாம்."

"நேத்தே சொல்லி வெச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கோதைநாயகி ஏறிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். யதிராஜனும் பின்னாலேயே ஏறினார். காவிரிப் பாலம் தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, ஆயில் எப்போ மாத்தினே? குளிர்ல ஆயில் கெட்டியாயிடும்," என்றார். வேணி கண்ணாடியில் அவர் குல்லாயைப் பார்த்தாள்.

ஏழு இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோதைநாயகியை ரத்த அழுத்தம் பார்க்க உட்காரவைத்தார்கள். கொஞ்சம் தள்ளி மேஜையில் சுராயா என்ற நர்ஸ் படிவத்தை எடுத்தாள். பெயர், வயது, விலாசம் எல்லாவற்றையும் யதிராஜன் கணீரென்று சொன்னார்.

"எந்தக் கண்ணுங்க சார்?"

மனுஷர் போனைப் பார்த்தார். அதில் மைனஸ் முப்பத்திநாலு என்று இருந்தது. ஹீட்டர் எத்தனை வாட்ஸ் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். ஆனால் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லையே!

"இடது," என்றார், வகுப்பில் சொல்கிற அதே குரலில்.

"வலது," என்றாள் கோதைநாயகி, அங்கிருந்தே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சுராயா எழுதியதை அடித்துவிட்டு வலது என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவர் போட்டார். மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். குளிர்தான் என்று சொல்லிக்கொண்டார்.

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைப்பேசியை எடுத்து, வானிலைப் பட்டியலில் முதலாவதாக எந்த ஊர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் இருக்கிற ஊர் என்றால் பிழைத்தீர்கள். வேறு ஊர் என்றால் தயவுசெய்து எழுந்து உள்ளே போய், "உனக்கு எந்தக் கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

"கண்ணா? எனக்கு மூணு வருஷமா முழங்கால்னா வலி," என்று பதில் வந்தால், அதற்கு நான் பொறுப்பில்லை.