அழுத்தாத பொத்தான்

மூன்று வாரமாகக் குதிரைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

கணினித் திரையின் வலது மூலையில் பச்சைப் பசேலென்று இருந்தது அந்தப் பொத்தான். "முறையை முடி" என்று எழுதியிருந்தது. அழுத்தினால் அவருடைய முறை முடிந்து எதிராளியின் முறை வரும். எதிராளி என்றால் கணினிதான். அதற்கு ஈவிரக்கம் கிடையாது. திரையில் ஒரு குன்றின் மேல் ஒற்றைக் குதிரைப்படை நின்றது. நாலு பக்கமும் ஈட்டிக்காரர்கள். முறை மாறிய அடுத்த நொடி நாலு ஈட்டியும் பாயும். ஆனால் அழுத்தாதவரைக்கும் ஒன்றுமே நடக்காது. ஆளுக்கொரு முறையாக ஆடுகிற விளையாட்டில் அதுதான் சௌகரியம். இவர் நகர்த்தாமல் உலகம் நகராது.

அந்தக் குதிரைப்படைக்கு அவர் வைத்திருந்த பெயர் சண்டி.

"அண்ணே, இன்னும் அழுத்தலையா?" என்றாள் எதிர் மேஜைத் தட்டச்சுக்காரி. விளையாட்டை அவர் கணினியில் ஏற்றிக் கொடுத்த புண்ணியவதி அவள்தான்.

"யோசிச்சிட்டிருக்கேம்மா."

"மூணு வாரமாவா? அந்த ஈட்டிக்காரனுங்களுக்கே கால் வலிச்சிருக்கும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குதிரைக்காரர் என்பது இப்போது பேருக்குத்தான். காவல்துறையின் குதிரைப் பிரிவில் பத்தொன்பது வருஷம் சேணத்தில் உட்கார்ந்தவர். அதில் கடைசிப் பதினோரு வருஷம் ஒரே குதிரை. சாம்பல் நிறப் பெண் குதிரை. தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் நிற்கும், அதிகாரியைக் கண்டால் நகராது. பதிவேட்டில் அதற்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. லாயத்தில் எல்லாருக்கும் சண்டிதான். எட்டு மாதத்துக்கு முன்னால் மருத்துவர் இவருடைய முழங்கால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே உங்களுக்கு நாற்காலிதான்" என்று சொல்லிவிட்டார்.

துறையும் ஒரு நாற்காலி கொடுத்தது, கழிவுப் பொருள் பிரிவில். துறைக்குள் எது உடைந்தாலும், தேய்ந்தாலும், துருப்பிடித்தாலும் கிடங்குக்காரர் பட்டியல் போட்டு அங்கே அனுப்புவார். "இனி உதவாது, வெளியே அனுப்பலாம்" என்று பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டியது குதிரைக்காரரின் வேலை. முழங்கால் தேய்ந்த மனிதரைத் தேடிப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் மூளையில் உதித்த யோசனையோ தெரியாது.

விளையாட்டில் எத்தனையோ நாடுகள் இருந்தன. கப்பல் கட்டுகிற நாடு, கோட்டை கட்டுகிற நாடு, நூலகமாகக் கட்டித் தள்ளுகிற நாடு. இவர் எடுத்த எடுப்பில் குதிரை நாட்டைத் தேர்ந்தெடுத்தார். மதில் கிடையாது, கப்பல் கிடையாது, படிப்பு சுமார். ஆனால் குதிரைகள் காற்றாய்ப் பறக்கும். அடித்துவிட்டு அதே முறையில் விலகியும் ஓடும். ஒழுங்காக ஆடினால் பக்கத்து நாடுகளை வாரிச் சுருட்டிவிடலாம் என்றாள் தட்டச்சுக்காரி.

குதிரைக்காரர் சண்டையே போடவில்லை. ஒவ்வொரு முறையும் குதிரைகளைப் புல்வெளியாகப் பார்த்து நிறுத்தினார். "ஓய்வு" என்ற பொத்தானை அழுத்தினார். ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார்.

"உலகத்தையே ஆள வேண்டிய படைண்ணே அது. நீங்க மேய்ச்சல் பார்த்துட்டிருக்கீங்க," என்று தலையில் அடித்துக்கொண்டாள் அவள்.

அப்படி மேயப் போன இடத்தில்தான் சண்டி மாட்டிக்கொண்டது. இலவசமாகக் கிடைத்த விளையாட்டு அது. பாதியில் சேமித்து வைக்கிற வசதி அதில் இல்லை. கணினியை அணைத்தால் எல்லாம் போச்சு. அதனால் மூன்று வாரமாகக் கணினியும் அணையவில்லை. அடுப்பு மாதிரி சுட்டுக்கொண்டு கிடந்தது.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். அவருக்குள் வேறொன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு ரோந்துக் குதிரைகள் அவருடைய ஜன்னலுக்குக் கீழே கல் பாவிய தரையில் போகும். மாடியிலிருந்து எட்டிப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எட்டுக் குதிரைகளின் குளம்புச் சத்தத்தில் ஒன்றில் மட்டும் இடது பின்னங்கால் இம்மியளவு பிந்தி விழும். அதுதான் சண்டி. அதைக் கேட்டால் அன்றைய பொழுது அவருக்கு ஓடிவிடும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் ஏழு சத்தம்தான் கேட்டது. மறுநாளும் ஏழுதான்.

அன்றைக்கு விளையாட்டை நிறுத்தியவர்தான். பொத்தானை அழுத்தாதவரைக்கும் சண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது.

லாயம் இருநூறு அடி தூரம். போய் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அதற்குத்தான் தைரியம் வரவில்லை.

சிக்கல் ஒரு துண்டுக் காகிதத்தில் ஆரம்பித்தது. மாலையில் பெருக்க வருகிறவர் கணினியை அணைத்துவிடுவாரோ என்று பயந்து, குதிரைக்காரர் அதன் தலையில் "பழுது. தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டினார். மறுநாள் காலையில் கிடங்குக்காரர் கைவண்டியோடு வந்து நின்றார்.

"பழுதுன்னு எழுதியிருக்கு. எடுத்துட்டுப் போகணும்."

"ஐயோ, இது நல்லா ஓடுதுங்க!"

"அப்ப எதுக்குப் பழுதுன்னு எழுதினீங்க? கழிவுப் பிரிவுல உக்காந்துட்டு நீங்களே அப்படி எழுதினா நான் என்ன பண்றது?"

குதிரைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "உள்ளே ஒரு பெரிய கணக்கெடுப்பு ஓடிட்டிருக்கு. மூணு வாரமா. நடுவுல நிறுத்தக் கூடாது."

கிடங்குக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "அப்படியே என் பட்டியலையும் முடிச்சுக் குடுங்க. மூணு வாரமா உங்க மேஜையிலதான் கெடக்கு. நாப்பத்தொரு சாமான். ஒண்ணே ஒண்ணு மட்டும் கிடங்கு வாசல்ல நுழையவே மாட்டேங்குது."

அந்தப் பட்டியல் இருந்த கோப்பு நல்ல தடிமன். குதிரைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கதவுப் பக்கமிருந்து பார்ப்பவர்களுக்குத் திரை தெரியாமலிருக்க அதைத்தான் செங்குத்தாக நிறுத்தி மறைப்பு கட்டியிருந்தார்.

கிடங்குக்காரர் போகிற வழியில் அதிகாரியின் காதில் போட்டுவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் அதிகாரியே நேரில் வந்துவிட்டார்.

"என்னய்யா, மூணு வாரமா மெஷினை அணைக்காம வேலை பாக்குறீங்களாமே! இப்படி நாலு பேர் இருந்தா இந்த ஆபீஸ் எங்கேயோ போயிருக்கும்!"

"எல்லாம் உங்க ஆதரவுங்கய்யா."

"அந்த நாப்பத்தொரு சாமான் பட்டியல் எங்கே? நானே கையோட வாங்கிட்டுப் போறேன்."

சொல்லிக்கொண்டே அதிகாரி மறைப்புக் கோப்பை லபக்கென்று எடுத்தார். திரை பளிச்சென்று தெரிந்தது. பச்சைப் புல்வெளி, குன்று, குன்றின் மேல் குதிரை.

தட்டச்சுக்காரி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இது என்ன?"

"அது... குதிரைப் பிரிவு... மேய்ச்சல் நிலம்... வரைபடங்கய்யா."

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. திரையை இன்னும் கிட்டத்தில் பார்ப்பதற்காக மேஜை மேலேயே ஒரு பக்கமாக உட்கார்ந்தார். அவருடைய முழங்கை விசைப்பலகைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் ஆடியது. அதில் ஒரு விசை பட்டால் போதும், முறை முடிந்துவிடும்.

"போடுங்க, போடுங்க. நான் காத்திருக்கேன்."

குதிரைக்காரர் கோப்பைப் பிரித்தார். பேனா காகிதத்தில் இருந்தது. கண்ணிரண்டும் அதிகாரியின் முழங்கையில் இருந்தன. முழங்கை இடது பக்கம் நகர்ந்தால் இவருக்கு மூச்சு நின்றது. வலது பக்கம் நகர்ந்தால் மூச்சு வந்தது. அந்த மூச்சுக்கு நடுவில் நாற்பத்தொரு கையெழுத்தும் போட்டு முடித்தார். என்ன சாமான், எந்தக் கட்டம் என்று ஒரு வரி படிக்கவில்லை.

அதிகாரியும் படிக்கவில்லை. "உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை" என்று கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் கிறுக்கிவிட்டு, முழங்கையோடு எழுந்து போனார்.

குதிரைக்காரர் திரையைப் பார்த்தார். சண்டி பத்திரமாக நின்றது. அப்பாடா என்று இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு, கால் ஒடிந்த நாற்காலிகள் ஆறு வந்தன.

"இதை ஏன் இங்கே கொண்டு வர்றீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க," என்று கிடங்குக்காரர் கோப்பைப் பிரித்துக் காட்டினார். பக்கத்துக்கு இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று "பரிந்துரைப்பவர்". அது வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது. இன்னொன்று "பெற்றுக்கொள்பவர்". அதில் முத்து முத்தாக நாற்பத்தொரு கையெழுத்து.

"ஐயையோ! கட்டம் மாறிப்போச்சுங்க! அடிச்சிட்டு மாத்திப் போட்டுடறேன், குடுங்க!"

"மேலதிகாரி ஒப்பம் விழுந்தாச்சு. இனிமே நாப்பத்தொண்ணும் உங்களுக்குச் சொந்தம். கொஞ்சம் தள்ளிக்குங்க, பீரோ வருது."

பீரோ வந்தது. பித்தான் இல்லாத மழைக்கோட்டு பதினான்கு வந்தது. நாக்கில்லாத மணி ஒன்று, ஊதினால் இருமுகிற ஊதுகுழல் இரண்டு, தலை திரும்பாத மின்விசிறி. தட்டச்சுக்காரியின் மேஜைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு நாற்காலி மலை எழும்பியது.

"அண்ணே, நான் சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போறது?" என்று அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"முப்பத்தொன்பது," என்று குறித்துக்கொண்டார் கிடங்குக்காரர். "நாப்பது, சைக்கிள். உருட்டிட்டு வாங்கப்பா!"

சைக்கிளுக்குச் சக்கரம் ஒன்றுதான். உருட்டினால் உருளுமா? இழுத்தார்கள். அது மழைக்கோட்டில் சிக்கி, மின்விசிறியில் இடித்து, சுவரோரம் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் அதன் கைப்பிடி மின்கம்பியை மாட்டி இழுத்தது.

திரை இருண்டது.

மூன்று வாரமாக இரைந்த கணினி நின்றதும் அறை திடீரென்று அமைதியாகிவிட்டது. குதிரைக்காரர் அப்படியே மூன்று கால் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். நாற்காலி சாய்ந்தது. அவரும் கூடவே சாய்ந்து, சுவரில் தோளை ஊன்றிக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

தட்டச்சுக்காரி நாற்காலிகளைத் தாண்டி வந்தாள். "அண்ணே, இதுக்குப் போயி... மறுபடி முதல்லேருந்து ஆடலாம்ணே. நான் போட்டுத் தர்றேன்."

"குதிரை வரும்மா. அதே குதிரை வராது."

அவர் கண் கலங்கியதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"மூணு வாரமா அவ சத்தம் கேக்கலை," என்றார். "நிஜச் சண்டி. தினம் கீழே போவா. இப்பப் போறதில்லை."

"லாயத்துல போய்க் கேட்டீங்களா?"

"போனா, இல்லைன்னு சொல்லிட்டா?" முழங்காலைத் தடவிக்கொண்டார். "கடைசி நாள் சொல்லிட்டு வரலாம்னு போனேம்மா. வெல்லக்கட்டி நீட்டினேன். வாங்கலை. திரும்பி முதுகைக் காட்டிட்டு நின்னுட்டா. பதினோரு வருஷம் ஒரு நாளும் அப்படி நின்னதில்லை. நான் அவளை விட்டுட்டுப் போறேன்னு தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது? தெனமும் அந்தச் சத்தம் போதும்னு இருந்தேன். அதுவும் போச்சு."

தட்டச்சுக்காரி குனிந்தாள். ஒரு மழைக்கோட்டை எடுத்து மடித்தாள். பிறகு அதையே பிரித்து மறுபடி மடித்தாள்.

கிடங்குக்காரருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் பட்டியலை விரலால் வருடிக்கொண்டிருந்தார். "நாப்பது வந்தாச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி. அது என் கிடங்குல இல்லை, வேற இடத்துலேருந்து வரணும்."

"இன்னும் ஒண்ணா?" குதிரைக்காரருக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து எழுந்து, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். "கொண்டு வாங்க! அதையும் கொண்டு வாங்க! அது என்ன ஓட்டை உடைசலோ, கொண்டு வந்து என் தலையிலேயே போடுங்க!"

அவர் அந்த அலுவலகத்தில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் திடலில் ஒரு அதட்டல் போட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும். எட்டு மாதம் கழித்தும் அந்தக் குரல் அப்படியேதான் இருந்தது.

கீழே என்னவோ தடதடவென்று சத்தம் கேட்டது. யாரோ "ஏய், ஏய், நில்லு!" என்று அலறினார்கள். கொஞ்ச நேரத்தில் லாயத்துக்காரர் மூச்சு வாங்க ஓடிவந்து, நாற்காலி மலைக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். சட்டையெல்லாம் வைக்கோல். கையில் அறுந்த கயிறு ஒன்று தொங்கியது.

"சார், நாப்பத்தொண்ணாவது சாமானை வாசல்லதான் கட்டியிருந்தேன்; உங்க குரலைக் கேட்டதும் அறுத்துக்கிட்டு மூணு படி தானா ஏறிடுச்சு, எறங்குன்னா எறங்க மாட்டேங்குது, இடது பின்னங்கால் ஒண்ணுதான் கொஞ்சம் பிந்துது!"